உணர்விழந்த பாதமும் ஒரு சோடிச் செருப்பும்



மனித உடலிலே தமிழர் மிக உயர்வாகப் போற்றிய உறுப்பும் மிகக் குறைவாகக் கவனித்த உறுப்பும் ஒன்றே. அது பாதம். இறைவனை நினைக்கும்போது திருவடி என்கிறோம். பெரியோரைக் கண்டால் பாதம் தொட்டு வணங்குகிறோம். ஒரு சோடிப் பாதுகை அரியணையிலிருந்து பதினான்கு ஆண்டுகள் நாடாண்ட கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால், நம்முடைய சொந்தப் பாதத்தின் அடிப்பக்கத்தை நாம் கடைசியாக உற்றுப் பார்த்தது எப்போது என்று எவரேனும் வினவினால், நம்மிற் பலருக்கு விடை சொல்வது அரிது.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் பாதத்தால் உழைக்கும் மக்களின் நாடு. உடப்பிலே கரைவலை இழுப்போர் குதிக்காலை மணலிற் புதைத்து, உடலின் முழுப் பாரத்தையும் அதன்மேல் நிறுத்திக் கயிற்றை இழுக்கின்றனர். புத்தளத்து உப்பளங்களிலே உவர்நீர்ப் பாத்திகளுக்குள் நின்று உழைப்போர் உளர். கற்பிட்டிக் குடாநாட்டின் தோட்டங்களிலே வெயிலிற் காய்ந்த மணலில் நடந்து பயிருக்கு நீர் பாய்ச்சுவோர் உளர். இவர்கள் அனைவருக்கும் பாதமே முதல், பாதமே கருவி. அந்தக் கருவி பழுதுபடும்போது அதனை எவ்வாறு காப்பது என்பதைப் பற்றிய ஒரு வரலாற்றையே இன்று சொல்ல விழைகின்றேன். நான் மருத்துவம் கற்றவனல்லன். வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியன். ஆயினும், ஒரு செருப்பின் வரலாறும் வரலாறே என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகின்றேன்.

இந்த வரலாறு ஒரு பழைய அச்சத்திலே தொடங்குகின்றது. நம் முன்னோர் குட்டம் என்றும் பெருநோய் என்றும் அழைத்த தொழுநோயே அந்த அச்சம். ஒல்லாந்தர் நம் நாட்டின் கரையோரங்களை ஆண்ட காலத்தில், 1708ஆம் ஆண்டிலே, கொழும்புக்கு வடக்கேயுள்ள ஹெந்தலையில் தொழுநோயாளர்க்கென ஒரு மருத்துவமனையை நிறுவினர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1901ஆம் ஆண்டிலே தொழுநோயாளரைப் பிரித்து வைப்பதற்கென ஒரு சட்டமே பிறந்தது. பின்னர் மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவிலும் அத்தகைய மருத்துவமனை ஒன்று அமைந்தது. நோயாளியை ஊரிலிருந்து பிரித்தலே அக்காலத்தின் முதன்மையான மருத்துவமாயிருந்தது.

அன்றைய மக்கள் மட்டுமன்றி, மருத்துவரிற் பலரும் நம்பிய செய்தி ஒன்றுண்டு. இந்நோய் மனிதனின் தசையைத் தின்றுவிடும். விரல்கள் தாமாகவே அழுகி உதிரும். பாதத்திற் புண் தோன்றினால் அது ஆறாது. ஏனெனில் அந்தத் தசையே கெட்ட தசை. இதுவே அந்த நம்பிக்கை. 1873ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு ஹான்சன் என்னும் மருத்துவர் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். 1940களிலே கிருமியை அடக்கும் சல்போன் மருந்துகள் வந்தன. ஆயினும், ஒரு புதிர் எஞ்சி நின்றது. மருந்தினாற் கிருமி ஒடுங்கிய பின்னரும் நோயாளியின் பாதத்திற் புண்கள் தோன்றிக்கொண்டேயிருந்தன. புண் எலும்பைத் தொட்டது. ஈற்றிற் காலையே அகற்ற நேர்ந்தது. கிருமி போயிற்று, கேடு போகவில்லை. அஃது ஏன்?

இந்தப் புதிருக்கு விடையின் முதற்கீற்று நம் நாட்டிலேயே தோன்றியதென்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும். கொழும்பிலே அறுவை மருத்துவப் பேராசிரியராக விளங்கிய மில்ரோய் போல் அவர்களை, உணர்வற்ற பாதத்தின் புண்ணுக்குப் பாரிஸ் சாந்தினாற் கட்டுப் போடும் முறையை 1930களில் எடுத்துரைத்த முன்னோடியாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. அக்காலத்தை ஒட்டியே இந்தியாவில் ஜோசப் கான் என்னும் மருத்துவரும் அத்தகைய முறையைக் கையாண்டார். முறிந்த எலும்புக்குப் போடும் அதே சாந்துக்கட்டுத்தான். பாதத்தையும் கீழ்க்காலையும் இடைவெளியின்றிப் பற்றிக்கொள்ளுமாறு அதனைப் போட்டு நோயாளியை நடக்கவிட்டால், மாதக்கணக்காக ஆறாத புண் ஆறிவிடுகின்றது.

இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சாந்து மருந்தன்று. அது கிருமியைக் கொல்வதில்லை. தசைக்கு ஊட்டம் தருவதுமில்லை. அது செய்வது ஒன்றே: உடலின் பாரம் புண்ணின்மேல் மட்டும் விழாது, அடிப்பாதம் முழுவதிலும் கீழ்க்காலிலும் பரவும்படி செய்கின்றது. பாரத்தைப் பரப்பியதும் புண் ஆறுகின்றதெனில், தசை கெட்ட தசையாக இருக்க முடியாது. குற்றம் பாரத்திலே இருக்கின்றது. இந்த எண்ணத்தை முழுமையாகப் பற்றி, அதனை ஒரு மருத்துவத் துறையாகவே வளர்த்தெடுத்தவர் போல் பிராண்ட் என்னும் ஆங்கிலேயர்.

பிராண்ட் 1914ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டிற் பிறந்தவர். கிறித்துவ ஊழியர்களான பெற்றோருடன் கொல்லிமலையில் வளர்ந்து, மலைப்பாதைகளில் ஓடித் திரிந்த பின்னர், ஒன்பதாம் வயதில் கல்வியின் பொருட்டு இங்கிலாந்து சென்றார். அங்கே முதலிற் கற்றது மருத்துவமன்று. தச்சும் கட்டட வேலையும். அதன் பின்னரே மருத்துவம் கற்று அறுவை மருத்துவரானார். 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். மரத்தையும் உளியையும் அறிந்த கை பிற்காலத்தில் எவ்வாறு பயன்பட்டதென்பதைச் சற்றுப் பொறுத்துக் காண்போம்.

அடுத்த ஆண்டிலே செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அங்கே மடங்கிய விரல்களையும் தேய்ந்த பாதங்களையும் கண்ட அவர், எலும்பையும் மூட்டையும் சீர்செய்யும் மருத்துவர் எவரும் இவர்களை ஏன் நாடவில்லை என்று வியந்தார். கெட்ட தசையில் கத்தி வைத்தாற் புண் ஆறாதென்பதே அவருக்குக் கிடைத்த விடை. அதனை அவர் அப்படியே ஏற்கவில்லை, சோதித்துப் பார்த்தார். 1948 முதல் மடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். அறுத்த இடம் மற்றெவருக்கும் ஆறுவது போலவே ஆறியது. தசை நல்ல தசையே என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

அப்படியாயின், கையிலும் காலிலும் புதிது புதிதாகப் புண்கள் தோன்றுவது எங்ஙனம்? இதற்கு விடை காண அவர் ஒரு துப்பறிவாளரைப் போலானார். தம்முடைய கண்காணிப்பில் இருந்த இளைஞர்களின் கைகால்களை நாள்தோறும் பார்த்து, ஒவ்வொரு புண்ணுக்கும் அதன் காரணத்தைத் தேடினார். இரவிலே விளக்கைத் தணிக்கக் கை நீட்டியபோது சூடான கண்ணாடி பட்டது ஒரு கொப்புளத்தின் காரணம். செருப்பிலிருந்து மேலெழுந்த ஆணி, பாதத்தில் விழுந்த துளையின் காரணம். தேடத் தேட, காரணமில்லாத புண் என ஒன்று இல்லையென்றே கண்டார்.

அவர் கூறும் நிகழ்ச்சி ஒன்று பலரும் அறிந்தது. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க அவர் முயன்றார், திறவுகோல் அசையவில்லை. அருகே நின்ற மெலிந்த சிறுவன் ஒருவன் அதனை வாங்கி ஒரே திருகலில் திறந்துவிட்டான். வளர்ந்த மனிதனால் இயலாதது சிறுவனுக்கு எவ்வாறு இயன்றது? தரையில் விழுந்த குருதித் துளி விடை சொன்னது. திறவுகோல் அவன் விரலை எலும்புவரை வெட்டியிருந்தது. அவனோ அதனை உணரவேயில்லை. நமக்கு அவனிலும் வலிமை குறைவென்பதன்று. வலி என்னும் காவலன் நம் கையை உரிய எல்லையில் தடுத்து நிறுத்துகின்றான். அந்தக் காவலனை இழந்தவனுக்கு எல்லை தெரிவதில்லை.

தொழுநோய் உண்மையிற் செய்வது இதுவே. அது தசையைத் தின்பதில்லை. நரம்பைத் தாக்கி உணர்வைப் போக்குகின்றது. எஞ்சிய அழிவு முழுவதையும் நாள்தோறும் நடக்கும் நடையும் செய்யும் தொழிலும் செய்துவிடுகின்றன.

இனிப் பாதத்திற்கு வருவோம். ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. நாம் அடியெடுத்து வைக்கும்போது முதலிற் குதிக்கால் நிலத்தைத் தொடுகின்றது. பின்னர்ப் பாரம் பாதத்தின் வெளிப்புறமாக முன்னோக்கிச் சென்று, விரல்களின் அடியிலுள்ள மேட்டிலே தங்கி, பெருவிரலால் உந்தப்பட்டு நிலத்தை விட்டு நீங்குகின்றது. நெடுந்தூரம் நடக்கும் மனிதன் தன்னையறியாமலே தன் நடையை மாற்றிக்கொள்கின்றான். ஓரிடம் சூடேறி நோகத் தொடங்கியதும் பாரத்தை வேறிடத்துக்குத் தள்ளுகின்றான்; சிறிது நொண்டுகின்றான்; ஒரு திண்ணையைக் கண்டால் அமர்கின்றான். நொண்டுதல் குறையன்று, உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. உணர்வற்ற பாதத்தை உடையவன் நொண்டுவதில்லை. புண்ணின் மேலேயே நேராக நடந்து செல்கின்றான். அவன் நடையிற் குறை காணாத சுற்றத்தார் நலமாயிருக்கின்றான் என மகிழ்வர். அந்த நேர்நடையே அவனுடைய பாதத்தை அழித்துக்கொண்டிருக்கும்.

இதன் அச்சத்தைப் பிராண்ட் தாமே ஒருமுறை அனுபவித்தார். 1953ஆம் ஆண்டளவில் இங்கிலாந்துக்குத் திரும்பிய பயணத்தின் ஈற்றில், ஓர் இரவு காலுறையைக் களைந்தபோது குதிக்காலில் உணர்வில்லாதது போலத் தோன்றியது. ஊசியாற் குத்திப் பார்த்தார்; வலிக்கவில்லை. தமக்கும் அந்நோய் வந்துவிட்டதென்று விடியும்வரை உறங்காது கிடந்தார். மறுநாட் காலையில் மீண்டும் குத்தியபோது சுரீரென வலித்தது. புகைவண்டியில் நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்திருந்தமையால் நரம்பு மரத்துப்போனதே காரணம். அந்த வலிக்காக அவர் இறைவனுக்கு நன்றி கூறினார். வலியை ஒரு கொடையாக எண்ணும் எண்ணம் அவருடைய வாழ்நாள் முழுவதும் நிலைத்து நின்றது.

உணர்வு திரும்பாத பாதத்தைக் காப்பதற்கு வழி என்ன? இங்கேதான் மருத்துவம் கணிதத்தின் துணையை நாடியது. அழுத்தமென்பது பாரத்தைப் பரப்பினால் வகுத்து வருவது என்பதை நம் மாணவர் வகுப்பிலே கற்கின்றனர். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது, பாரம் 100 சதுர சென்ரிமீற்றரிற் பரவுமாயின், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் 600 கிராம் பாரத்தைத் தாங்கும். அதே பாரம் விரலடி மேட்டில் 12 சதுர சென்ரிமீற்றரில் மட்டும் விழுமாயின், ஒவ்வொன்றும் 5 கிலோகிராம் தாங்கவேண்டும். மனிதன் மாறவில்லை, பாரம் மாறவில்லை, அழுத்தம் மட்டும் எட்டு மடங்குக்கு மேலாகிவிட்டது.

பாதம் கெடும் வழிகளையும் பிராண்ட் வகுத்துக் காட்டினார். முள், ஆணி, நெருப்பு முதலியவற்றால் ஒரே கணத்தில் வரும் காயம் ஒருவகை. இறுக்கமான சப்பாத்து மெல்லென, ஆனால் இடைவிடாது அழுத்திக் குருதியோட்டத்தைத் தடுப்பதால் வரும் கேடு மற்றொரு வகை. மூன்றாவது வகையே மிகக் கொடியது. தனியே பார்த்தால் தீங்கற்ற ஓர் அழுத்தம், ஒரே இடத்தில், ஆயிரம் ஆயிரம் அடிகளாகத் திரும்பத் திரும்ப விழுவதால் உள்ளே தசை சூடேறி, வீங்கி, ஈற்றில் உடைந்து புண்ணாகின்றது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், தசை எம்மாத்திரம்? இவற்றோடு, புண்ணுக்குள் கிருமி புகுந்த பின்னரும் அதன்மேல் நடப்பதால் நஞ்சு உள்ளே பரவுவதையும் நாம் சேர்த்து எண்ணவேண்டும்.

ஆகவே, வேண்டுவது அறுவைக் கத்தியன்று; பாரத்தைப் பரப்பும் ஒரு செருப்பு. தச்சுக் கற்ற அறுவை மருத்துவர் இப்போது செருப்புத் தொழிலையும் கற்கத் தொடங்கினார். மரக்கட்டைப் பாதணிகள், சாந்தினால் வார்த்த அச்சுகள், பலவகை இறப்பர்கள், பிளாத்திக்குகள் எனப் பலவற்றை அவரும் உடனுழைத்தோரும் சோதித்தனர். மென்பஞ்சு போன்ற பொருள் மிதித்தவுடன் தட்டையாகிவிடுகின்றது; அதனாற் பயனில்லை. தடித்த தோலோ பாதத்துக்கு இடங்கொடுப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே, உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ஓர் இறப்பர் பொருத்தமாகக் கிடைத்தது. நுண்ணறை இறப்பர் எனப்பட்ட அது, மிதித்தால் அமிழ்ந்து, எடுத்தால் எழும்பி, பாதத்தின் வடிவுக்கு ஏற்பப் பாரத்தைப் பங்கிட்டுத் தந்தது.

1955ஆம் ஆண்டில் வேலூருக்கு அண்மையிலுள்ள கரிகிரியில் தொழுநோய் ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. இத்தகைய பாதணிகளைச் செய்யும் பட்டறைகளும் சிகிச்சையின் ஓர் அங்கமாயின. மேலே நுண்ணறை இறப்பர். கீழே முள்ளும் கண்ணாடியும் ஊடுருவாத கடின இறப்பர். அதற்குப் பழைய மோட்டார் வண்டிச் சக்கரத்தின் இறப்பரும் உதவியது. ஆணி ஒன்றேனும் அடிக்கலாகாது. ஒட்டவோ தைக்கவோ வேண்டும். உணர்வற்ற காலிலிருந்து செருப்பு வழுவிப் போனாலும் தெரியாதாகையால், குதிக்காலின் பின்னே ஒரு வார் வேண்டும். விரலடி மேடு மிகவும் கெட்டிருப்பின், அடியை வளையாக் கட்டையாக்கி, தொட்டிலைப் போலச் சரிந்து உருளுமாறு அமைக்கவேண்டும். அப்போது பாதம் மடியாமலே மனிதன் முன்னே செல்வான்.

செருப்புக்கு ஏற்றபடி காலைத் தறிப்பதா என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. அறியாமை நெடுங்காலமாக அதனையே செய்து வந்தது. புண்ணுக்குப் பரிகாரம் காணாது காலையே தறித்தது. காலுக்கு ஏற்றபடி செருப்பை அமைத்ததே இந்த வரலாற்றின் திருப்பம்.

ஆயினும், செருப்பைச் செய்து கொடுத்ததோடு வேலை முடியவில்லை. அந்தச் செருப்பு தனித்த தோற்றம் உடையதாயிருந்தது. அதனைக் கண்டமாத்திரத்தில் அணிந்தவர் யார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். பேருந்திலே அருகில் அமரமாட்டார். தேநீர்க் கடையிலே குவளை கொடுக்கமாட்டார். ஆகவே, பலர் மருத்துவமனை வாயிலிலே அணிந்து, ஊரெல்லையிலே கழற்றி மறைத்தனர். காலை இழக்கும் அச்சத்தினும் மானத்தை இழக்கும் அச்சம் பெரிதாயிருந்தது. பின்வந்தோர் இதனை உணர்ந்து, கடையில் வாங்கும் செருப்பினின்றும் வேறுபாடு தெரியாதவாறு அமைக்க முயன்றனர். அளவுகோல் பாதத்தை அளக்கும். அணிபவனின் மனத்தையும் அளந்தாலன்றிச் செருப்பு பயன் தராது.

1966ஆம் ஆண்டிலே பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரில் கண்ணாற் கண்டதை அங்கே கருவிகளால் அளந்தார். எலிகளின் பாதத்தில் இயந்திரத்தால் மெல்லிய அழுத்தத்தைத் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்தபோது, முதலில் வீக்கமும் சில நாட்களிற் புண்ணும் தோன்றின. எண்ணிக்கையைக் குறைத்து இடையிடையே ஓய்வு கொடுத்தபோதோ, புண் தோன்றாது தோல் தடித்து உறுதியடைந்தது. ஓய்வு எத்துணை பெரிய மருந்து என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது. சுடும் இடமே நாளைப் புண்ணாகும் இடம் என்பதால், பாதத்தின் சூட்டைக் கையாற் தடவியும் கருவியால் அளந்தும் முன்னரே அறியும் முறையும் அங்கே வளர்ந்தது.

அங்கேதான் இந்த வரலாறு தொழுநோயின் எல்லையைக் கடந்து உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் வருகின்றது. சலரோகம் என்றும் நீரிழிவு என்றும் நாம் அழைக்கும் நோய் நெடுநாள் நீடிக்கும்போது அதுவும் காலின் நரம்புகளை மரக்கச் செய்கின்றது. அவர்களுடைய பாதப் புண்ணும் அதே இடங்களில், அதே வகையில் தோன்றுவதைப் பிராண்ட் கண்டார். தொழுநோயாளரிடம் கற்ற பாடம் நீரிழிவு நோயாளரைக் காக்கலாயிற்று. உலகம் தீண்ட மறுத்த மக்களின் பாதங்களே உலகத்தின் பாதங்களைக் காக்கும் கல்வியைத் தந்தன. பிராண்ட் 2003ஆம் ஆண்டிற் காலமானார்.

இன்று இந்தக் கல்வி ஒரு தனித் துறையாக வளர்ந்துள்ளது. பாதம் எவ்வாறு பாரம் தாங்குகின்றது, எவ்வாறு அசைகின்றது என அளந்தறிவதை உயிரியக்கவியற் சோதனை என்றும், அந்த அளவுக்கேற்பச் செய்யும் அடித்தட்டு, பாதணி, தாங்கி முதலியவற்றை ஓர்தோட்டிக்ஸ் என்றும் கூறுவர். பெயர் பெரிதாயினும் செயல் எளிது. 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும் ஒரு நைலோன் இழையால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டுப் பார்ப்பர். கண்ணை மூடியிருக்கும் நோயாளிக்கு அந்தத் தொடுகை தெரியாவிடின், அப்பாதம் தன்னைக் காக்கும் ஆற்றலை இழந்துவிட்டதெனக் கொள்வர். இந்த அளவை உறுதிப்படுத்திய ஆய்வும் கார்விலிலிருந்தே 1986இல் வெளிவந்தது. பின்னர், மைபூசிய விரிப்பிலே நடக்கச் செய்து பாதச் சுவட்டைப் பதிப்பர். அழுத்தம் மிகுந்த இடம் கருமையாகத் தெரியும். கணினியோடு இணைந்த தட்டுகளும் இன்று அதனையே செய்கின்றன. கணுக்கால் எவ்வளவு மடங்குகின்றது, விரல்கள் வளைந்துள்ளனவா, தோல் எங்கே காய்த்துள்ளது என்பனவற்றையும் பார்த்த பின்னரே அடித்தட்டின் வடிவம் முடிவாகும்.

இதன் பயனும் சோதிக்கப்பட்டதே. சென்னை இராயபுரத்திலுள்ள நீரிழிவு மருத்துவமனை ஒன்றின் ஆய்வாளர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பாரத்தைப் பரப்பும் பாதணி அணிந்தோரிடம் புதிய புண்கள் மிகக் குறைவாகவே தோன்றியதைக் காட்டியது. அதே 2004ஆம் ஆண்டில் நம் நாட்டின் இராகமையிலும் செயற்கை உறுப்புகளும் தாங்கிகளும் செய்வோரைப் பயிற்றும் கல்லூரி தொடங்கப்பட்டது. போரிற் கால் இழந்தோருக்காகவும் பிறவிக் குறை உடையோருக்காகவும் உழைக்கும் அந்தக் கைகளுக்கு, இன்னும் இழக்கப்படாத பாதங்களைக் காக்கும் பணியும் காத்திருக்கின்றது.

அந்தப் பணி சிறிதன்று. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடளாவிய முறையில் நடந்த ஆய்வொன்று, நம் நாட்டில் வளர்ந்தோரில் ஐவருக்கு ஒருவருக்கும் சற்றுக் கூடுதலானோர் நீரிழிவு உடையோர் எனக் கண்டது. தொழுநோயும் முற்றாக நீங்கிவிடவில்லை. பன்மருந்துச் சிகிச்சையின் பயனாக 1990களின் நடுவில் அது பொதுச்சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையினின்றும் இறங்கியதாயினும், ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாக இனங்காணப்படுகின்றனர்.

நம் கரையோரத்தை எண்ணிப் பாருங்கள். நண்பகலிற் கடற்கரை மணல் கொதிக்கின்றது. உணர்வுள்ளவன் துள்ளி ஓடி நிழலில் ஒதுங்குவான். உணர்வற்றவன் ஆறுதலாக நடந்து செல்வான். மாலையிற் கொப்புளத்தைக் கண்டு வியப்பான். உடப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்திலே நோன்பிருந்து தீமிதிக்கும் அடியாரின் பக்தியைப் பற்றி நான் எதுவும் கூறப் புகவில்லை. நீரிழிவினாற் கால் மரத்தவர்கள் தம் மருத்துவரை முன்னரே கலந்துகொள்ளவேண்டும் என்பதை மட்டும் சொல்வேன்.

இன்னுமோர் இடர் நம் நல்வழக்கத்திலிருந்தே பிறக்கின்றது. வீட்டு வாயிலிலும் வழிபாட்டிடத்திலும் செருப்பைக் கழற்றுவது நம் பண்பு. ஆனால், நாம் வைக்கும் அடிகளிற் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே வைக்கப்படுவன. வெளியே செல்லும்போது மட்டும் அணியும் பாதணி பாதிக் காவலே தரும். வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கெனத் தூய்மையான வேறொரு சோடியை வைத்துக்கொள்வதால் நம் பண்புக்குக் குறைவொன்றும் வாராது. வீட்டிலுள்ள முதியவரிடம் அதனை எடுத்துச் சொல்லும் கடமை இளையோருக்கு உண்டு.

செருப்பு ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடும் என எவரும் எண்ணலாகாது. இழந்த உணர்வை அது மீட்டுத் தராது. குருதியோட்டம் குன்றிய காலுக்கு வேறு சிகிச்சை வேண்டும். இறப்பர் நாளடைவில் நைந்துபோகும், அதனை மாற்றவேண்டும். அளந்து செய்யும் பாதணிக்கு ஏழையின் வீட்டிற் பணம் இல்லாதிருக்கலாம். ஆயினும், ஆணியற்ற, இறுக்கமற்ற, மென்மையான அடித்தட்டுள்ள, பின்வாருள்ள ஒரு பாதணியைத் தேர்ந்தெடுப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. அணியுமுன் அதனைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கல்லோ முள்ளோ உண்டாவென்று கையால் தடவிப் பார்ப்பதற்குப் பணமே வேண்டியதில்லை.

நேயர்களே, நம் கரையோரத்தில் வாழும் சமயங்கள் பல. ஆனால், பாதத்தைக் கழுவும் வழக்கம் எல்லோருக்கும் பொது. ஆலயத்துள் நுழையுமுன் கால் கழுவுகின்றோம். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னர் இஸ்லாமிய அன்பர்கள் கணுக்கால் வரை கழுவுகின்றனர். பெரிய வியாழனன்று கத்தோலிக்கக் குருவானவர் தம் மக்களின் பாதங்களைக் கழுவுகின்றார். கழுவும்போது அடிப்பாதத்தையும் ஒருமுறை பாருங்கள். விரலிடுக்கை உலரத் துடையுங்கள். கண் மங்கிய முதியவராயின் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த இடமோ, சுடும் இடமோ, வெடிப்போ, வலியில்லாத புண்ணோ கண்டால் அன்றே மருத்துவரை நாடுங்கள். வலிக்கவில்லையே என்று வாளாவிருக்க வேண்டாம். வலிக்காத புண்ணே மிகக் கொடிய புண்.